இரண்டு கையும் ஸ்டீயரிங்கில்

ஒலிம்பியாவுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்குவாள். நோன்பு இருந்ததில்லை. ஆனால் பேருந்து ஒரு தேவாலயத்தைத் தாண்டினால் போதும், அவளுடைய வலது கை தானாக எழுந்து நெற்றி, வயிறு, வலது தோள், இடது தோள் என்று சிலுவை போட்டுவிட்டுத் தானாக இறங்கிவிடும். அவளுடைய ருமேனியாவில் இதை யாரும் பக்தி என்று சொல்வதில்லை. கொட்டாவி வந்தால் வாய் திறப்பதில்லையா, அந்த மாதிரி. அங்கே தேவாலயம் வந்தால் வண்டி முழுக்கக் கைகள் எழுந்து இறங்கும். ஓட்டுநரின் கையும் சேர்த்துத்தான்.

இப்போது சிக்கல் என்னவென்றால், அவள்தான் ஓட்டுநர். ஓட்டுவது ஸ்பெயினில்.

காஸ்தெயோன் நகரத்தில் கிளம்பி, அல்மசோரா வழியாக, ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நடுவே கடற்கரையில் இருக்கும் புரியானா வரை போகும் தடம். வேலைக்குச் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஒரு நாள் மதியம் ஷெட்டில் வண்டியை விட்டுவிட்டு இறங்கியவளை செக்கர் ஃபெரெர் கையாட்டிக் கூப்பிட்டார். நரைத்த மீசை, தொய்ந்த தோள், எந்நேரமும் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கும் மனிதர்.

"ஒரு புகார் வந்திருக்கு, ஒலிம்பியா."

"லேட்டா வந்தேன்னா?"

"லேட்டா வந்தா இந்த ஊர்ல யாரு புகார் குடுக்கப்போறா? கைதான் விஷயம். கோவில் வந்தா ஸ்டீயரிங்க விட்டுட்டுக் கையத் தூக்குறீங்களாமே?"

அவள் இல்லை என்று சொல்லவில்லை. உண்மைதானே.

"நாளைக்குக் காலைல உங்க டிரிப்ல நான் வர்றேன். வண்டி நிக்கும்போது நீங்க சிலுவை போடுங்க, தலைகீழா நில்லுங்க, எனக்கென்ன? ஓடும்போது ரெண்டு கையும் ஸ்டீயரிங்ல இருக்கணும். ஒரு தடவ விட்டாலும் விட்டீங்கன்னுதான் எழுதுவேன். எழுதினா உங்கள வெச்சுக்க மாட்டாங்க. மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன்."

"சொன்னதுக்கு நன்றி."

"என்னத் திட்டாதீங்க."

"இங்க திட்டமாட்டேன். வீட்டுக்குப் போய்த் திட்டிக்கிறேன்."

ஃபெரெர் சிரித்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் தொந்தரவு. கெட்ட மனிதராக இருந்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம்.

வேலை போனால் என்ன ஆகும் என்பதில் அவளுக்குக் குழப்பமே கிடையாது. ஆரஞ்சுக் கிடங்குக்குத் திரும்பப் போக வேண்டும். பெல்ட்டில் ஓடிவரும் பழத்தை இரண்டு கையாலும் பொறுக்கிப் பெட்டியில் அடுக்க வேண்டும், கால் மரத்துப்போகும் வரை, சீசன் முடியும் வரை. சீசன் முடிந்தால் அதுவும் இல்லை. ஊரை விட்டு வந்ததிலிருந்து அதைத்தான் செய்தாள். மணிக்கட்டு இரண்டும் கெட்டுப்போய், அறுவை சிகிச்சை செய்து, இனிமேல் பெல்ட் வேண்டாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் கனரக வண்டி உரிமத்துக்குப் படித்தாள். கணவன் ஜெர்மனிக்குப் போனவன் போனவன்தான். கேட்க வேறு ஆள் இல்லை.

அன்று சாயங்காலம் சம்ஃபீரா வந்தாள். கீழ் மாடியில் இருப்பவள். இருவருக்கும் ஊர் தெர்கோவிஷ்தே. ஒரே பேருந்தில் ஸ்பெயினுக்கு வந்து, வந்த புதிதில் ஒரே கட்டிலில் முறை வைத்துத் தூங்கியவர்கள். சம்ஃபீரா இன்னும் கிடங்கில்தான் இருக்கிறாள். அவள் மணிக்கட்டுகள் எதனால் செய்தவையோ, அவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை.

விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கையக் கட்டிப் போட்டுக்கோ," என்றாள்.

"அப்புறம் யாரு ஓட்டுறது, உங்கப்பனா?"

"கோவில் வர்றப்ப கண்ண மூடிக்கோ. பாக்கலன்னா கை போகாதுல்ல?"

"நல்ல யோசன. நாளைக்கு நீயும் அந்த வண்டில வா. செத்தா சேர்ந்தே சாவோம்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஒலிம்பியா தன் வலது கையை மேசைமேல் வைத்துப் பார்த்தாள். யாருடைய கையையோ பார்ப்பது போல. அவளுக்கு ஃபெரெர் மேல் பயம் இல்லை. இந்தக் கை மேல்தான் பயம். போகாதே என்று சொன்னால் கேட்குமா என்று தெரியாது. இதுவரை சொல்லிப் பார்த்ததில்லை.

"ஏண்டி, நாக்கால போடேன்," என்றாள் சம்ஃபீரா. "எங்கம்மா ரெண்டு கையிலயும் வாளியத் தூக்கிட்டுப் போறப்ப கோவில் வந்தா வாய்க்குள்ளயே நாக்கால போட்டுக்கும். மேல, கீழ, அந்தப் பக்கம், இந்தப் பக்கம். சாமிக்குப் புரியாதா என்ன?"

"மாட்டேன்."

"ஏன், நாக்கு சுளுக்கிக்குமா?"

"மாட்டேன்னா மாட்டேன். வேல போனாலும் சரி. நாக்கால போடமாட்டேன்."

சம்ஃபீரா அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சட்டியில் மிச்சமிருந்த முட்டைக்கோஸ் சுருளை எடுத்துத் தின்றாள். மேற்கொண்டு கேட்கவில்லை.

கேட்டிருந்தாலும் ஒலிம்பியா சொல்லியிருக்கமாட்டாள். அது அவளுடைய அப்பா சம்பந்தப்பட்டது.

அப்பா தெர்கோவிஷ்தேயில் டவுன் பஸ் ஓட்டினார். பள்ளிக்கூடம் விட்டதும் அவள் அந்த வண்டியில் ஏறி, அவர் பக்கத்தில் இன்ஜின் பானட்டின் மேல் விரித்திருக்கும் பழைய கம்பளியில் உட்கார்ந்துகொள்வாள். குளிர்காலத்தில் ஊரிலேயே சூடான இடம் அதுதான். டீசல் நாற்றம், ஈரக் கோட்டு நாற்றம், பின்னாலிருந்து யாரோ உரிக்கும் பூண்டின் நாற்றம். வீட்டில் விறகு தீர்ந்த நாட்களில் அம்மாவே, போய் அப்பா வண்டியில் உட்கார்ந்து படி என்று அனுப்பிவிடுவாள். பெருக்கல் வாய்ப்பாடு முழுவதையும் அவள் அந்த பானட்டில்தான் மனப்பாடம் செய்தாள். ஏழாம் வாய்ப்பாட்டுக்கு இன்றைக்கும் டீசல் வாசம் அடிக்கும்.

வண்டி சந்தைக் கோவிலைத் தாண்டும்போது மட்டும் அப்பாவின் வாய் லேசாக அசையும். தாடை இப்படியும் அப்படியும் நகரும். உதடு திறக்காது.

"அப்பா, என்ன சாப்பிடுற?"

"மிட்டாய்."

"எனக்கு?"

"தீந்துபோச்சு."

ஒவ்வொரு நாளும் மிட்டாய் தீர்ந்துபோகும். அப்பாவைப் போல ஒரு கஞ்சன் உலகத்திலேயே கிடையாது என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். அவர் தூங்கும்போது சட்டைப் பையைக்கூடத் துழாவிப் பார்த்திருக்கிறாள். புகையிலைத் தூள்தான் விரலில் ஒட்டியது.

அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது, ஒரு டிசம்பரில், கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்தது. துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்து பேருந்துகள் மறுபடி ஓடத் தொடங்கிய முதல் நாள், சந்தைக் கோவில் அருகே அப்பா ஸ்டீயரிங்கிலிருந்து வலது கையை எடுத்தார். நெற்றியிலிருந்து இடுப்பு வரைக்கும், தோளிலிருந்து தோள் வரைக்கும், நிதானமாக, பெரிதாக ஒரு சிலுவை போட்டார். பின்னால் வண்டி முழுவதும் போட்டது. ஒரு கிழவி சத்தமாக அழுதாள். முன் சீட்டு காலியாக இருந்தது. எப்போதும் அந்தச் சீட்டில் ஒரு கட்சிக்காரர் உட்கார்ந்திருப்பார், எந்த அரசு ஊழியன் கையைத் தூக்குகிறான் என்று பார்த்து எழுதிக்கொள்ள. அன்று அவரைக் காணோம்.

"இனிமே நாக்கால இல்ல," என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார். அப்போதுதான் அவளுக்கு மிட்டாய் என்னவென்று புரிந்தது.

அவர் செத்தபோது அவள் இங்கே பெல்ட்டின் முன் நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பேருந்து நிலையத்தில் ஃபெரெர் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார். உட்காரும் போதே தொண்டையைச் செருமினார். ஒலிம்பியா கண்ணாடியைச் சரிசெய்வது போல அவரைப் பார்த்தாள். முன் சீட்டு, எழுதும் ஆள். இது அது இல்லை என்று அவளுக்குத் தெரியும். இந்த மனிதர் கையைப் பார்ப்பது வண்டி மரத்தில் மோதக்கூடாது என்பதற்காக. ஆனாலும் முன் சீட்டு முன் சீட்டுதான்.

பயணிகள் ஏறினார்கள். ஒவ்வொருவரும் ஏறும்போது அவள் முகத்தைப் பார்த்து வணக்கம் சொன்னார்கள். இந்த ஊரில் அது சட்டம் மாதிரி. வந்த புதிதில் அவளை அசத்தியது இதுதான். கிடங்கில் நாள் முழுக்க நின்றாலும் ஒருவரும் வணக்கம் சொல்லமாட்டார்கள், பழம்தான் வரும். பேருந்து ஓட்டுபவருக்கோ ஏறுகிறவர்களெல்லாம் வணக்கம் சொன்னார்கள். உட்கார்ந்துகொண்டே செய்யும் வேலை, அதற்கு இத்தனை வணக்கம். அன்றைக்கே மனதில் விழுந்த ஆசை, காய்க்க இத்தனை வருஷம் ஆயிற்று.

கடைசியாக சம்ஃபீரா ஏறினாள். ஷிஃப்டுக்கு இவ்வளவு சீக்கிரம் அவள் கிளம்பியதே இல்லை. ஃபெரெரை மேலும் கீழும் பார்த்துவிட்டு நடு வாசலுக்குப் பக்கத்தில், பெல் பொத்தான் இருக்கும் கம்பியை ஒட்டி உட்கார்ந்தாள்.

வண்டி கிளம்பியது.

இந்தத் தடத்தில் மூன்று கோவில்கள். நகர எல்லையில் ஒன்று, அல்மசோரா ஊருக்குள் ஒன்று, அதற்கப்புறம் தோப்புகளுக்கு நடுவே வெள்ளையடித்த ஒரு சின்னக் குருசடி. மூன்றையும் அவளுக்குப் பல வருஷமாகத் தெரியும். இதே தடத்தில்தான் அவளும் சம்ஃபீராவும் முதன்முதலில் வேலைக்குப் போனார்கள். முதல் நாள் நிறுத்தத்தில் நின்றார்கள், பேருந்து வந்தது, அப்படியே போய்விட்டது. அவர்கள் ஊரில் நிறுத்தம் என்றால் வண்டி நிற்கும். இங்கே கை காட்டினால்தான் நிற்கும் என்று யார் சொன்னார்கள்? பேருந்தை விட்டுவிட்டு, வழியில் வந்த ஆரஞ்சு லாரியில் தொற்றிக்கொள்ள இருவரும் அதன் பின்னால் ஓடிய ஓட்டத்தை நினைத்தால் இப்போதும் அவளுக்கு விலா வலிக்கும்.

அந்நாளில் இந்தத் தடத்தில் ஓட்டியவர் பத்தீஸ்தே. தொப்பை ஸ்டீயரிங்கில் உரசும். முதல் வாரத்தில் எந்த நிறுத்தத்தில் இறங்குவது என்று தெரியாமல் இருவரும் கிடங்கைத் தாண்டிப் போய்விட்டார்கள். வெளியே குருசடி தெரிந்தது. வழக்கம்போல இருவரும் சிலுவை போட்டார்கள். பத்தீஸ்தே கண்ணாடியில் பார்த்துவிட்டு வழியிலேயே வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார்.

"ஏம்மா, நான் அவ்வளவு மோசமாவா ஓட்டுறேன்?"

வண்டியே சிரித்தது. இவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாமலே சிரித்தார்கள். தோப்பு வழியாகக் கிடங்குக்குத் திரும்பி நடந்தார்கள். மேஸ்திரி அரை நாள் கூலியை வெட்டிவிட்டான். அதிலிருந்து குருசடி தெரிந்தால் வேலை போச்சு என்று அர்த்தம். நடக்கும்போது சம்ஃபீரா ஆளுக்கொரு ஆரஞ்சு பறித்தாள். அது இன்னும் பழுக்கவில்லை. வாயெல்லாம் கூசியது. ஊரை விட்டு வந்தபின் முதல்முறையாக அன்றைக்குத்தான் ஒலிம்பியா வயிறு வலிக்கச் சிரித்தாள். எதற்கு என்று நினைவில்லை.

அப்புறம் பத்தீஸ்தேவுக்குப் பழகிவிட்டது. கோவில் வருவதற்கு முன்னாலேயே குரல் கொடுப்பார். "அம்மணிகளா, ரெண்டாவது பிரேக் ரெடியா?" சிலுவைக்கு அவர் வைத்த பெயர் இரண்டாவது பிரேக். இந்த ஊர் வழக்கத்துக்கு மாறாக இவர்கள் வலது தோளிலிருந்து இடது தோளுக்குப் போடுவதைப் பார்த்து, "உங்களது ரிவர்ஸ் கியர்ல போகுதே," என்பார். அவரும் இப்போது இல்லை. பேருந்து மட்டும் அதே தடத்தில் போகிறது, புதுச் சீட்டும் நிறுத்தத்தின் பெயர் சொல்லும் கருவியும் வைத்துக்கொண்டு.

சிக்னல் தாண்டியதும் முதல் கோவிலின் கோபுரம் தெரிந்தது. ஒலிம்பியாவின் வலது கையின் சுண்டுவிரல் ஸ்டீயரிங்கை விட்டு எழுந்தது. அவள் அதை அழுத்தி மடக்கினாள். மோதிர விரல் எழுந்தது.

பெல் அடித்தது.

தலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. நிறுத்தம் கோவில் வாசலுக்கு நேர் எதிரே. அவள் ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, கதவைத் திறந்தாள். யாரும் இறங்கவில்லை. யாரும் ஏறவும் இல்லை. கண்ணாடியில் பார்த்தாள். சம்ஃபீரா சினிமா பார்ப்பது போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒலிம்பியாவின் கை எழுந்தது. நெற்றி, வயிறு, வலது தோள், இடது தோள். இறங்கியது. கதவை மூடினாள்.

"யாரு பெல் அடிச்சது?" என்றார் ஃபெரெர் திரும்பிப் பார்த்து.

"நான்தான்," என்றாள் சம்ஃபீரா. "மாத்தி அமுக்கிட்டேன். வயசாகுதுல்ல."

ஃபெரெர் அவளைப் பார்த்தார். ஒலிம்பியாவைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு முன்பக்கம் திரும்பினார்.

அல்மசோராவின் முதல் நிறுத்தத்தில் எங்கார்னா அம்மா ஏறினாள். தினமும் தள்ளுப்பையோடு சந்தைக்குப் போகிறவள். காது பாதிதான் கேட்கும், அதனால் ஊருக்கே கேட்கப் பேசுவாள். ஃபெரெரின் சீருடையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அட, வந்துட்டீங்களா! போன் பண்ணினதுக்குப் பலன் இருக்கே!"

ஃபெரெர் கண்ணை மூடிக்கொண்டார். புகார் கொடுத்தவர் பெயரைச் சொல்லக்கூடாது என்று அங்கே விதி உண்டு. புகார் கொடுத்தவரே சொல்லிக்கொண்டால் விதி என்ன செய்யும்?

"தப்பா எடுத்துக்காத மகளே," என்றாள் எங்கார்னா ஒலிம்பியாவிடம். "நீ நல்லாத்தான் ஓட்டுற. அந்தக் கைதான் எனக்கு வயித்தக் கலக்குது."

"உக்காருங்கம்மா. கிளம்பணும்."

எங்கார்னா போய் சம்ஃபீராவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேறு இடமில்லை என்பதில்லை, அங்கேதான் தள்ளுப்பை நிற்கும். சம்ஃபீரா அவள் காதருகே குனிந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அவளுடைய ஸ்பானிஷ் இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் ஓட்டை உடைசல்தான். ஆனால் திட்டுவதற்கு அது போதும். ஒலிம்பியாவுக்கு அவள் சொன்னது கேட்கவில்லை. எங்கார்னா சொன்னது கேட்டது.

"என்னது? வேலய விட்டே தூக்கிருவாங்களா? இதுக்கா?"

முணுமுணுப்பு.

"நான் திட்டச் சொன்னேன்மா, தூக்கவா சொன்னேன்? ஸ்டீயரிங்கப் பிடிச்சு ஓட்டுன்னு ஒரு வார்த்த சொல்லுவாங்கன்னு பாத்தேன். என் மருமகன் போன் பேசிக்கிட்டே ஓட்டுறான், அந்தத் தடியன யாரும் தூக்கல!"

"அம்மா, நான் இங்கதான் உக்காந்திருக்கேன்," என்றார் ஃபெரெர்.

"தெரியுதுப்பா. அதுக்குத்தான் சத்தமா பேசுறேன்."

சம்ஃபீரா மறுபடி குனிந்தாள். இந்த முறை நீளமாக. எங்கார்னா பெல் பொத்தானை நிமிர்ந்து பார்த்தாள்.

ஊர் நடுவில் இரண்டாவது கோவில். தெரு குறுகும் இடம். நிறுத்தம் வாசலிலேயே. ஒலிம்பியா பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். பெல் அடித்தது, ஒரு தரம் இல்லை, விடாமல். எங்கார்னா விரலை எடுக்க மறந்துவிட்டாள்.

வண்டி நின்றது. கதவு திறந்தது. எங்கார்னா எழுந்து தள்ளுப்பையை உருட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் போனாள். தலையை நீட்டி மேலே பார்த்தாள்.

"மழ வரும்போல இருக்கு. நான் அடுத்ததுலயே எறங்கிக்கறேன்."

வானம் கழுவித் துடைத்த மாதிரி நீலமாக இருந்தது. பின்னால் யாரோ ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். எங்கார்னா அவசரமில்லாமல் திரும்பி, தள்ளுப்பையைச் சரியாக நிறுத்தி, பாவாடையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். அதற்குள் ஒலிம்பியாவின் கை போய் வந்துவிட்டது.

"லேட் ஆகுது, ஒலிம்பியா," என்றார் ஃபெரெர் மெதுவாக.

"பெல் அடிச்சா நிறுத்தணும்ல?"

"நிறுத்தணும்."

"நிறுத்தினேன்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மீசைக்குக் கீழே என்ன நடந்தது என்று கண்ணாடியில் தெரியவில்லை.

சந்தை நிறுத்தத்தில் வண்டி பாதி காலியானது. எங்கார்னா இறங்கும்போது ஃபெரெரின் தோளில் விரலால் ஒரு குத்து குத்திவிட்டு இறங்கினாள். தொழிற்பேட்டையில் மிச்சமும் இறங்கியது. கிடங்கு நிறுத்தம் வந்தபோது உள்ளே இருந்தது சம்ஃபீராவும் ஃபெரெரும்தான்.

சம்ஃபீரா வாசலில் நின்றுகொண்டு ருமேனிய மொழியில் சொன்னாள். "நான் குருசடி வரைக்கும் வர்றேன். பெல் அமுக்கிட்டு அப்படியே தோப்பு வழியா நடந்து வந்துருவேன். தெரிஞ்ச வழிதான?"

"எறங்குடி. நடந்து வர்றதுக்குள்ள ஷிஃப்ட் தொடங்கிரும், மேஸ்திரி இன்னிக்கும் அரை நாள் வெட்டுவான்."

"வெட்டட்டும்."

"எறங்குன்னு சொன்னேன்ல? சீக்கிரம் வந்ததே போதும்."

சம்ஃபீரா ஒரு காலைத் தரையில் வைத்தாள். "வாய்க்குள்ள நாக்குன்னு ஒண்ணு இருக்கு. அதயாவது ஞாபகம் வெச்சுக்கோ."

"போடி."

கதவு மூடியது. கண்ணாடியில் சம்ஃபீரா சின்னதாகிக்கொண்டே போனாள். போகாமல் நின்று வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் தோப்புதான். இரண்டு பக்கமும் ஒரே பச்சை, பச்சைக்குள் மஞ்சள். வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். பழம் பறிக்கும் ஆட்கள் கூடைகளைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றார்கள். ஒருவன் கை காட்டினான். நிறுத்துவதற்கு இல்லை, சும்மா. முன் சீட்டில் ஃபெரெர் இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு அவளுடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒளிக்காமல் பார்த்தார். பார்ப்பேன் என்று சொல்லித்தானே வந்தார்?

சாலை வளைந்தது. இரண்டு சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே குருசடி. பக்கத்தில் நிறுத்தக் கம்பம். கம்பத்தில் யாரும் இல்லை. பெல் அடிக்க யாரும் இல்லை.

அவள் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தாள். அறுவை சிகிச்சைத் தழும்பு வெளுத்து இழுத்தது. கை எழப் பார்த்தது, அவள் விடவில்லை. குருசடி ஜன்னலுக்கு நேராக வந்தது, சுண்ணாம்புச் சுவரில் வெயில் பட்டுக் கண் கூசியது, பின்னால் போனது.

இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தன.

கடல் தெரியும் வரை அவள் மூச்சு சீராகவில்லை. ஜெயித்த மாதிரித்தான் இருந்தது. கை சொன்னபடி கேட்டது. இனிமேலும் கேட்கும். ஒரு மாதத்தில் கேட்கச் சொல்லவே வேண்டியிருக்காது. அது நல்லதுதான் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

புரியானாவில் கடைசி நிறுத்தம். ஹேண்ட் பிரேக் போட்டாள். ஃபெரெர் எழுந்து முதுகை நிமிர்த்தினார்.

"ரெண்டு கையும் ஒரு தடவகூட விடல. அப்படித்தான் எழுதப்போறேன். லேட்டா வந்ததையும் எழுதணும். எறங்காத ஆளுங்களுக்காக நின்ன வண்டின்னு எழுதினா மேல இருக்கறவங்களுக்குப் புரியாது. ஜனம் அதிகம்னு போட்டுக்கறேன்."

"நன்றி."

"எனக்கெதுக்கு நன்றி? அந்த அம்மாக்களுக்குச் சொல்லுங்க." ஒரு படி இறங்கியவர் நின்று திரும்பினார். "அப்புறம், அந்தக் குருசடி பக்கத்துல வாய்ல என்ன மென்னுட்டு வந்தீங்க? கண்ணாடில பாத்தேன்."

"நானா? நான் ஒண்ணும்…"

அவள் நிறுத்தினாள். நாக்கின் நுனி மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. அங்கேயிருந்து கீழ்வரிசைப் பல்லுக்கு, அப்புறம் வலது கன்னத்துக்கு, அப்புறம் இடது கன்னத்துக்கு. எங்கெங்கே போய் வந்தது என்பது இப்போதும் வாய்க்குள் தெரிந்தது. யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"மெல்லக்கூடாதுன்னு விதியெல்லாம் இல்ல," என்றார் ஃபெரெர். "சும்மாதான் கேட்டேன்."

"மிட்டாய்," என்றாள் ஒலிம்பியா.

"எனக்கு ஒண்ணு குடுங்களேன். காலைலேந்து தொண்ட கட்டிக்கிட்டு உயிர வாங்குது."

"தீந்துபோச்சு."

அவர் பரவாயில்லை என்று கையசைத்துவிட்டுக் காபிக் கடைப் பக்கம் நடந்தார். அவள் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வெளியே, திரும்பிப் போகும் டிரிப்புக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். வரிசையெல்லாம் இல்லை. வந்தவர் கடைசி ஆள் யார் என்று கேட்டுவிட்டுச் சுவரோரம் சாய்ந்து நின்றார்.

அவள் ஊர்ப் பலகையை மாற்றிக் கதவைத் திறந்தாள். முதலில் ஏறியவர் வணக்கம் சொன்னார். பதில் சொல்ல அவள் வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.